கலங்கரை விளக்கமும் விரல் வரையும் கோடும்

நூலைத் திறனாயும் வழக்கம் தமிழுக்குப் பழையது. விளையாட்டைத் திறனாயும் வழக்கமோ இன்னும் வேரூன்றவில்லை. விளையாட்டுத்தானே என்று விட்டுவிடுவது பெரியோர் இயல்பு. ஆயினும் இன்றைய மாணாக்கர் பாடநூலைக் காட்டிலும் நெடும்பொழுது கையில் ஏந்தியிருப்பது கைப்பேசியையே. அதில் அவர்கள் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் ஏதோ ஒரு பொருளைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றது. அது சொல்லுவது யாது, சொல்லாது விடுவது யாது என வினவுவது தமிழாசிரியர்க்குப் புறம்பான வேலை அன்று. செய்யுள் நடத்தும்போது அவர்கள் நாள்தோறும் செய்து வருவது அதுவே. ஆதலின், கப்பல்களை இடர்மிக்க நீர்வழியில் ஏதமின்றிச் செலுத்தும் விளையாட்டு ஒன்று ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

'ஹார்பர் மாஸ்டர்' என்பது அதன் பெயர். 'துறைமுகத் தலைவன்' என்று தமிழில் கூறலாம். அமெரிக்க நாட்டின் இமாங்கி ஸ்டூடியோஸ் என்னும் சிறு நிறுவனம் 2009ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. இதே நிறுவனந்தான் 2011இல் 'டெம்பிள் ரன்' என்னும் ஓட்ட விளையாட்டை வெளியிட்டு உலகறிந்த பெயர் பெற்றது என்பதை மாணவர் பலர் அறிவர். ஆடும் முறை மிக எளிது. திரை முழுதும் நீல நிறக் கடல். அதன் ஓரத்தில் துறைகள். திரையின் விளிம்புகளிலிருந்து கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆடுவோன் ஒரு கப்பலின்மேல் விரலை வைத்துத் துறை வரைக்கும் கோடு ஒன்று இழுத்தால், கப்பல் அக்கோட்டின் வழியே பிறழாமல் சென்று சரக்கை இறக்கும். சரக்கின் நிறமும் துறையின் நிறமும் ஒத்திருத்தல் வேண்டும். இறக்கி முடிந்ததும் அக்கப்பலை மீண்டும் வெளியே கொண்டு செல்லல் வேண்டும். விரைந்து செல்வனவும் மெல்ல ஊர்வனவுமாகக் கலங்கள் பல வகைப்படும். இரண்டு மோதினால் ஆட்டம் முடிந்தது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட களங்களில் சுழற்காற்றும் கொள்ளைக் கப்பலும் இடம்பெற்றன.

இவ்விளையாட்டின் சிறப்பை முதற்கண் கூறுவதே முறை. துறைமுகத்தின் உண்மையான கவலை ஒன்றை இதனை ஆக்கியோர் நன்கு கண்டுள்ளனர். வரும் கலத்தைச் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. சேர்ந்த கலம் இடத்தை அடைத்துக்கொள்ளும். அது போகவும் வேண்டும். போகும் கலமும் வரும் கலமும் ஒரே வாயிலில் எதிர்ப்படும். முதல் இரண்டு நிமிடம் அமைதியாக ஆடும் சிறுவன், ஐந்தாவது நிமிடத்தில் எந்தக் கப்பலை முதலில் தொடுவது என்று தெரியாமல் திகைப்பான். கூட்டமே இடர் என்னும் இவ்வுண்மையை ஒரு பாடநூல் பத்துப் பக்கத்தில் சொன்னாலும் இவ்வளவு தெளிவாக மனத்தில் பதியாது. இதற்காக ஆக்கியோரைப் பாராட்டல் தகும்.

இனிக் குறையை நோக்குவோம். இவ்வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குறையின் வேர் புலனாகும். அதே 2009ஆம் ஆண்டில், இதற்குச் சில திங்கள் முன்னர், ஆஸ்திரேலியாவின் ஃபையர்மின்ட் நிறுவனம் 'ஃபிளைட் கன்ட்ரோல்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதில் விரலால் கோடு இழுத்து விமானங்களை ஓடுபாதையில் இறக்க வேண்டும். அவ்வடிவமே கடலுக்கும் வந்தது. வானத்தில் மணல்மேடு இல்லை, பாறை இல்லை, ஒருவழிப்பட்ட நீரோட்டம் இல்லை. வானத்திற்கெனப் பிறந்த வடிவம் கடலுக்கு வந்தபோது, வானத்தின் வெறுமையையும் உடன்கொண்டு வந்துவிட்டது. ஆகவே இவ்விளையாட்டில் நீருக்கு நிறம் உண்டு, ஆழம் இல்லை. கப்பலுக்கு இடையூறு என்பது மற்றொரு கப்பலே. மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு எல்லாம் தெரிகின்றது. தெரியாதது என்று ஒன்றும் இல்லை.

கடலில் கலம் செலுத்துவோர்க்கு இடர் வருவது தெரியாததிலிருந்தே. இதனைப் பண்டைத் தமிழ்ப் புலவர் எத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்குப் புறநானூற்றின் முப்பதாம் பாட்டே சான்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது அது. அப்பாட்டின் இறுதியில் பெருங்கலம் ஒன்று ஆற்று முகத்துள் புகுகின்றது. எவ்வாறு புகுகின்றது? பாய்களைக் களையாமலும், மேலேற்றிய பாரத்தைக் குறைக்காமலும் புகுகின்றது. இதில் என்ன வியப்பு என்று மாணவன் கேட்கலாம். வியப்பு முழுதும் அந்த இரண்டு எதிர்மறைகளில் இருக்கின்றது. மற்றைத் துறைகளில் ஆற்று முகத்தை அணுகும் மீகாமன் முதலில் பாயை இறக்கி விரைவைக் குறைப்பான். பின்னர்ப் பாரத்தை இறக்கிக் கலத்தை மிதக்கச் செய்வான். ஏனெனில் ஆறு கொணரும் மணல் முகத்தில் படிந்து மேடிடும். புகாரில் இவையொன்றும் வேண்டா என்றால், அங்கே நீர் ஆழமானது என்பது பொருள். ஆழம் என்ற சொல்லையே சொல்லாமல் ஆழத்தைச் சொல்லிவிட்டார் புலவர். கடற்றொழிலின் வழக்கம் அறியாதவர்க்கு அப்பகுதி வெறும் வருணனையாகவே தோன்றும்.

அப்பாட்டின் முற்பகுதியையும் ஈண்டு சேர்த்து நோக்குதல் நலம். ஞாயிற்றின் வழியையும், அதன் இயக்கத்தையும், காற்று இயங்கும் திசையையும், ஆதாரமின்றி நிற்கும் வானத்தையும் சென்று அளந்தவர் போலச் சொல்லுவாரும் உளர் என்று தொடங்குகின்றது. அத்தகையோர் அறிவுக்கும் எட்டாதது மன்னனின் வலிமை. அது யானை தன் கவுளில் அடக்கிய எறிகல்லைப் போல மறைந்திருப்பது. இவ்வாறு மறைந்திருப்பதைப் பேசிவந்த பாட்டு, மறைந்திருக்கும் நீராழத்தில் சென்று முடிவது தற்செயல் என்று கொள்ளற்கில்லை. அளந்து கண்டோம் என்பாரை நோக்கி மெல்ல நகைக்கும் பாட்டு அது. திரையை மேலிருந்து நோக்கி எல்லாம் கண்டோம் என்றிருக்கும் இக்கால ஆட்டக்காரனுக்கும் அந்நகை பொருந்தும்.

நீரின் ஆழத்தை யார் அறிவார்? அவ்விடத்திலேயே வாழ்பவர் அறிவர். கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் செங்கடல் வழிநூல் இதற்கு அரியதொரு செய்தி தருகின்றது. இன்று குஜராத்தில் நருமதை ஆற்றின்மேல் பரூச் என வழங்கும் ஊர் அந்நூலில் பரிகசா எனப்படுகின்றது. அவ்வூருக்குச் செல்லும் வளைகுடா குறுகியது, இருபுறமும் மணல்திட்டுகள், ஆற்றுமுகத்தைக் கண்டுபிடிப்பதே அரிது, ஓதம் ஏறி இறங்கும் விரைவோ பெரிது. சற்று முன்னர்க் கலம் மிதந்த இடத்தில் சிறிது பொழுதில் தரை தெரியும். புதிதாக வரும் கலங்கள் திட்டில் ஏறிக் கவிழ்வதும் உண்டு. ஆகவே அந்நாட்டு மன்னனின் ஊழியத்திலிருந்த உள்ளூர் மீனவர், துடுப்பு வலிப்போர் நிறைந்த நெடும்படகுகளில், நெடுந்தொலைவு கடலுள் எதிர்சென்று காத்திருப்பர். வரும் கலத்தைத் திட்டுகளுக்கு இடையே கயிறு கட்டி இழுத்துச் செல்வர். ஓதம் ஏறத் தொடங்கும்போது நகர்வர். ஓதம் வடியும்போது நங்கூரமிட்டுக் காத்திருப்பர். கலம் எங்கெங்கே தங்க வேண்டும் என்பதும் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது.

இதில் கருதத் தக்கது அந்தக் காத்திருப்பு. பரிகசாவின் மீனவர்க்குத் திறமை என்பது எப்பொழுது நகரக்கூடாது என்று அறிவதிலும் அடங்கியிருந்தது. விளையாட்டிலோ காத்திருப்பவன் தோற்பான். அடுத்த கப்பல் வந்துகொண்டே இருக்கும்.

இன்றைய நிலையைச் சொல்ல வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளுக்கு இடைப்பட்ட சிங்கப்பூர் நீரிணை உலகின் மிக நெருக்கமான கடல்வழிகளுள் ஒன்று. அதன் பிலிப் கால்வாயில் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் அகலமே உடையது. 1975ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜப்பானின் 'ஷோவா மாரு' என்னும் பெரும் எண்ணெய்க் கப்பல் இந்நீரிணையில் தரைதட்டி எண்ணெய் சிந்தியது. போகும் வழி வேறு, வரும் வழி வேறு எனப் பிரிக்கும் முறையை 1977இல் அனைத்துலக அமைப்பு ஏற்றது; 1981இல் அது நடைமுறைக்கு வந்தது. நீருள் 15 மீட்டருக்கு மேல் அமிழும் கப்பல்களும் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்களும், தம் அடிப்பாகத்திற்கும் கடலடித் தரைக்கும் இடையே எப்பொழுதும் 3.5 மீட்டராவது இருக்குமாறு செல்லல் வேண்டும் என்பது விதி. ஓதத்தைக் கணக்கிட்டே அவை வருகின்றன. புறநானூற்றுக் கலம் பாரம் இறக்குவதும், பரிகசாவின் படகு ஓதத்திற்குக் காத்திருப்பதும், இந்த 3.5 மீட்டரும் ஒரே கவலையின் மூன்று உருவங்கள் என்க.

இனி, வழிகாட்டுதல் என்பது யாது என்னும் வினாவுக்கு வருவோம். இவ்விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதன்மையான செய்தி இங்கேதான் இருக்கின்றது.

கலங்கரை விளக்கம் என்னும் சொல்லை வகுப்பில் பிரித்துக் காட்டும்போது, கலம், கரை, விளக்கம் எனப் பிரித்து, கரை என்பதற்குக் கடற்கரை என்று பொருள் கூறுவாரும் உளர். அது பொருந்தாது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு துறையைக் காட்டுகின்றார். வானத்தைத் தாங்க ஊன்றிய முட்டுக்கால் போன்று ஓங்கிய மாடம். ஏறுதற்கு அரிய அதன் உச்சிக்கு ஏணி சாத்தப்பட்டுள்ளது. மேலே கூரை வேயப்படவில்லை. இரவில் அங்கே கொளுத்திய தீ, கடற்பரப்பில் ஓடும் கலங்களைக் 'கரையும்' என்கின்றார். இங்கே கரைதல் என்பது அழைத்தல். நச்சினார்க்கினியரும் அவ்வாறே பொருள் கொண்டார். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை, கடற்கரையில் இரவு எரியும் பற்பல விளக்குகளைச் சொல்லும்போது கலங்கரை விளக்கத்தையும் ஒன்றாக வைக்கின்றது. அங்கும் பொருள் கலத்தை அழைக்கும் விளக்கு என்பதே. காக்கை கரைகின்றது என்னும்போது இன்றும் வழங்கும் வினை இதுவே. காக்கை தன் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் செய்தியைக் குறளில் படித்த மாணவனுக்கு இச்சொல்லை விளக்குவது எளிது.

அழைத்தல் என்றால் அழைக்கப்படுவோன் ஒருவன் வேண்டும். அவனை அகநானூற்றின் 255ஆம் பாட்டில் காணலாம். மதுரை மருதன் இளநாகனார் பாடியது. பாலைத் திணையில் அமைந்தும் பிரிவு இதில் கடல்மேல் நிகழ்வது புதுமை. உலகமே பெயர்ந்து எழுந்தாற்போன்ற பெரிய வங்கம் இரவும் பகலும் ஓய்வின்றிக் கடலைப் பிளந்து செல்கின்றது. காற்று அதனைச் செலுத்துகின்றது. நீகான், மாடத்தின்மேல் எரியும் ஒளியைக் கண்டு திசையறிந்து அதனை ஓட்டுகின்றான். கப்பலையும் காற்றையும் நீகானையும் விளக்கையும் இத்துணை விளங்கச் சொல்லுகின்றவள் யார்? கரையில் நிற்கும் தலைவி. தலைவன் அக்கலத்தில் போய்விட்டான். தோழியிடம் சொல்லி வருந்துகின்றாள். அவளுக்கு அந்த நீகானின் கண் முதன்மையானது. அவன் ஒளியைத் தவறாகக் கண்டால் தலைவன் மீளான்.

கரையில் ஒளி, கலத்தில் கண். இவ்விரண்டும் சேர்ந்ததே பழந்தமிழர் கண்ட வழிகாட்டுதல். இக்காலத் துறைமுகத்திலும் அமைப்பு மாறவில்லை. பைலட் என வழங்கும் வழிகாட்டி சிறு படகில் எதிர்சென்று, நகரும் கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுகின்றார். உள்ளூர் நீரின் அறிவு அவருடையது. ஆயினும் கப்பலின் பொறுப்பு தலைவரை விட்டு நீங்குவதில்லை. இருவரும் பேசிக்கொண்டே செலுத்துவர். ஹார்பர் மாஸ்டரில் கப்பலுக்குள் ஆள் இல்லை. விரல் இழுத்த கோட்டைக் கப்பல் மறுப்பதில்லை, ஐயம் கொள்வதில்லை, தாமதிப்பதும் இல்லை. வழிகாட்டுதல் என்பது அங்கே இழுத்த இழுப்புக்கு வருதல் என்றாகிவிட்டது.

மரக்கலத்தின் பணியாமையை யானையோடு சேர்த்து எண்ணினர் பழம்புலவர். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதங்கொண்ட யானைக்குக் கயிறறுத்து, கூம்பு முறிந்து, நெடுஞ்சுழியில் அகப்பட்ட நாவாயை உவமை கூறுகின்றார். மணிமேகலையிலும் காலவேகம் என்னும் அரச யானை கட்டுக்கடங்காது ஓடும்போது, நீகான் நடுங்கக் காற்றில் அலைக்கழியும் வங்கமே உவமையாகின்றது. பாகனுக்கும் அடங்காத பேருருவம் என்பதே இரண்டிலும் கருத்து. இன்றைய பெரும் எண்ணெய்க் கப்பல் பொறியை நிறுத்திய பின்னும் பல கிலோமீட்டர் ஓடியே நிற்கும். திரையில் ஓடும் வண்ணக் கப்பலுக்கோ எடை என்பதே இல்லை.

இஃது விளையாட்டு; மாலுமிப் பயிற்சி அன்று; சதுரங்கத்து யானை பிளிறுவதில்லையே என்று ஒருவர் தடை எழுப்பலாம். நல்ல தடைதான். விளையாட்டு எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. ஆழத்தை விட்டதும் எடையை விட்டதும் சுருக்கம் கருதியவை என ஒப்புக்கொள்ளலாம். ஆனால், கண்ணாடித் திரையில் விரல் இட்ட கட்டளை ஐயமின்றி நிறைவேறும் என்ற பழக்கம் விளையாட்டோடு நின்றுவிடவில்லை. மெய்யான கப்பலின் மேடைக்கும் அது வந்துவிட்டது.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்கக் கடற்படையின் 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்னும் போர்க்கப்பல், சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் 'ஆல்னிக் எம்.சி.' என்னும் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. மாலுமியர் பதின்மர் உயிரிழந்தனர். அவ்விடம் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்கு அண்மையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைபட அறிஞரும் கீழ்த்திசைக் கடல்களுக்கு வழிநூல் எழுதியவருமான ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் நினைவாக, ஜே. டி. தாம்சன் மேற்பார்வையில் 1851இல் பெட்ரா பிராங்கா பாறைமேல் எழுப்பப்பட்ட விளக்கம் அது. ஆகவே கரையின் ஒளிக்கு அங்கே குறைவில்லை.

குறை கப்பலுக்குள் இருந்தது. சுக்கானைப் பிடித்தவரின் சுமையைக் குறைக்க எண்ணிய தலைவர், விரைவைக் கட்டுப்படுத்தும் வேலையை மட்டும் பக்கத்து இருக்கைக்கு மாற்றச் சொன்னார். தொடுதிரையில் அதனை மாற்றும்போது சுக்கானும் சேர்ந்து மாறிவிட்டது. சுக்கான் பிடித்தவர் கப்பல் தம் கைக்கு அடங்கவில்லை என்று கூவினார். உண்மையில் அது அடுத்த இருக்கைக்குப் போயிருந்தது. விரைவைக் குறைக்க முயன்றபோது இரண்டு சுழலிகளில் ஒன்று மட்டும் குறைந்தது. கப்பல் இடப்புறம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் வழியில் புகுந்தது. போதிய பயிற்சி இன்மையும் மேற்பார்வைக் குறைவும் முதற்காரணம் என்று 2019இல் வெளிவந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரிய அறிக்கை முடிவு செய்தது. தொடுதிரை அமைப்பு பிழை நேரும் வாய்ப்பை மிகுவித்தது என்பதையும் அது குறிப்பிட்டது. அதே ஆண்டில், விரைவைக் கட்டுப்படுத்தத் தொடுதிரைக்கு மாறாகக் கையால் பற்றித் தள்ளும் பழைய பிடிகளையே மீண்டும் பொருத்துவதாகக் கடற்படை அறிவித்தது. பிடி இருக்கும் நிலையைப் பார்த்தாலே, ஏன், தொட்டாலே விரைவு விளங்கும். திரையில் உள்ள எண்ணைப் படித்தால்தான் விளங்கும்.

ஆகவே சிறுவர் இவ்வாட்டத்தை ஆடக்கூடாது என்று தடுப்பதில் பயனில்லை. வகுப்பறைக்கு அதனையே கருவியாகக் கொள்ளலாம். இருவர் சேர்ந்து ஆடட்டும். ஒருவன் திரையைக் கண்டு சொல்லட்டும். மற்றவன் கண்ணை மூடிக்கொண்டு, சொன்ன வழியே விரலை நகர்த்தட்டும். முதல் நிமிடத்திலேயே கப்பல்கள் மோதும். 'இந்தப் பக்கம்', 'அந்தப் பக்கம்' என்னும் சொற்கள் உதவா என்று விளங்கிவிடும். இடம், வலம், மெல்ல, நில், இன்னும் சிறிது என்று சொற்களைத் தேடத் தொடங்குவர். இடம் என்றால் யாருடைய இடம், சொல்லுவோனுடையதா, கப்பலுடையதா என்ற வழக்கும் எழும். அதனைத் தீர்க்க ஆசிரியர் விரைய வேண்டா. அவர்களே ஒரு முடிவுக்கு வந்த பின்னர், அகநானூற்றுப் பாட்டை எடுத்து, அந்த நீகான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்கலாம்.